ஜெர்மனி போறேன்: அங்க லோக்கல் நம்பர், இங்க பேங்க் ஓடிபி, ஏற்காட்டுல அம்மாவோட பட்டன் போன்... எதை எப்படி வெச்சுக்கறதுங்க?

மலைக்காட்டுப்பொண்ணு

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏற்காட்டுல இருந்து நாகலூர் போற பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு எங்களது. செப்டம்பர் கடைசில ஜெர்மனி கிளம்புறேன், ஆஹன்ல மாஸ்டர்ஸ் சீட்டு கெடச்சிருக்கு. விசா வந்துருச்சு, விசாவுக்குக் காட்டற பிளாக்டு அக்கவுண்ட்ல பணம் போட்டாச்சு, டிக்கெட்டும் எடுத்தாச்சு, ஆனா இந்த போன் நம்பர் விஷயத்துல மட்டும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி மண்டை காயுதுங்க.

என் நம்பர் ப்ளஸ் டூ படிக்கறப்ப அப்பா வாங்கிக் குடுத்தது. ஆதார், பேங்க், ஜிமெயில், வாட்ஸ்அப், படிப்புக் கடன் எல்லாமே அதுல தான். கூட படிச்சவ ஒருத்தி அந்த சிம்மை தூக்கிப் போட்டுட்டு போ, அங்க போய் புது நம்பர் வாங்கிக்கோங்கறா. இன்னொருத்தர் 90 நாள் யூஸ் பண்ணலன்னா நம்பர் செத்துரும், எப்படியும் போகப் போறது தானேங்கறார். கன்சல்டன்சில கேட்டா ஏர்போர்ட்லயே இசிம் (கார்டு இல்லாம போனுக்குள்ளயே ஏத்திக்கற சிம்) வாங்கிக்கங்க அது போதும்னு முடிச்சுட்டாங்க. ஆனா அங்க ரூம் தேடுற ஃபாரம் எல்லாத்துலயும் ஜெர்மன் நம்பர் கேக்குது.

எனக்கு பெரிய கவலை அம்மா தான். அம்மாகிட்ட பட்டன் போன், வாட்ஸ்அப் கிடையாது, இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. வீட்டுக்குள்ள டவர் எடுக்காது, காபி காயப்போடுற களத்துக்கு வந்தா ரெண்டு கோடு காட்டும், மழையும் பனியும் இறங்கிட்டா அதுவும் போயிரும். தம்பி சேலத்துல ஹாஸ்டல்ல இருக்கான், வாரக் கடைசில தான் மேல வருவான். அம்மாவுக்கு என்னைக் கூப்பிடணும்னு தோணுனா ஐஎஸ்டி காசு பத்தி யோசிக்காம ஒரு லோக்கல் நம்பருக்கு அடிக்கற மாதிரி அடிச்சா எனக்கு வரணும். நெட்டுல ஒரு விளம்பரம் பார்த்தேன், இந்திய நம்பர் வாங்குங்க உலகத்துல எங்க இருந்தாலும் ரிங் ஆகும்னு போட்டிருந்தான். 0427 ஓட சேலம் நம்பர் ஒண்ணு அந்த மாதிரி வாங்கி அம்மாவுக்குக் குடுத்துறலாமாங்க? அது நெஜமா?

அப்புறம் இந்த +49, 0 குழப்பம். சீனியர் ஒருத்தர் அனுப்புன நம்பர் 0176ன்னு ஆரம்பிக்குது, +49 போட்டு அப்படியே அடிச்சா போகல. தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க, ப்ளீஸ்.

---

ஆஹன்வாழ்_சேலத்தான்

வாழ்த்துக்கள் தங்கச்சி, நம்ம ஊர்ல இருந்து, அதுவும் எஸ்டேட் பக்கத்துல இருந்து ஒருத்தர் ஆஹன் வர்றது ரொம்ப சந்தோஷமா இருக்கு. நான் அம்மாபேட்டை தான், இங்க படிச்சு இங்கயே வேலையில இருக்கேன். ஜெர்மனி நம்பர் பத்தி மட்டும் நான் சொல்றேன், ஊர் சிம் பத்தி ஊர்ல இருக்கறவங்க சொல்லட்டும்.

முதல்ல அந்த இசிம். ட்ராவல் இசிம்னு விக்கறது பெரும்பாலும் வெறும் டேட்டா தான், அதுல போன் நம்பரே இருக்காது. மேப் பார்க்கலாம், வாட்ஸ்அப்ல பேசலாம், ஆனா உனக்கு ஒருத்தர் கால் பண்ண முடியாது, எஸ்எம்எஸ் வராது. ஃப்ராங்க்ஃபர்ட்லயோ டுசல்டார்ஃப்லயோ இறங்கி ரயில் பிடிச்சு ரூமுக்கு வர்ற வரைக்கும் அது போதும், அதுக்கு மட்டும் சின்ன பேக் ஒண்ணு கிளம்புறதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்க. அதையே நம்பி உக்காந்துடாத. இங்க வீட்டு ஓனர், டாக்டர் க்ளினிக், பார்சல்காரர், பார்ட்டைம் வேலை குடுக்கறவர் எல்லாரும் இன்னமும் போன்ல தான் பேசுவாங்க. ரூம் விளம்பரத்துக்கு மெயில் போடறப்ப கீழ +91 நம்பர் இருந்தா நிறைய பேர் கூப்பிடவே மாட்டாங்க, ஏன்னா அவங்க ப்ளான்ல இந்தியாவுக்கு அடிச்சா தனிக் காசு. இது உன் மேல சந்தேகம் இல்ல, நீயா அதை மனசுல எடுத்துக்காத.

அதனால வந்த முதல் வாரமே ப்ரீபெய்டு சிம் வாங்கிரு. ஆல்டி, லிடில் மாதிரி சூப்பர் மார்க்கெட்லயே பில் கவுண்டர் பக்கத்துல தொங்கும், காய்கறியோட சேர்த்து வாங்கிட்டு வரலாம். வாங்கறது ஈஸி, ஆக்டிவேட் பண்றது தான் வேலை. 2017 ஜூலைல இருந்து இங்க ப்ரீபெய்டுக்கும் ஐடி காட்டி சரிபார்த்தா தான் ஆன் ஆகும். வீடியோ கால்ல பாஸ்போர்ட்டைக் காட்டுறது ஒரு வழி, அதுக்கு வீடியோ இடென்ட்னு பேர். பாஸ்போர்ட்டை சாய்ச்சுக் காட்டு, மேல இருக்கற மினுமினுப்பு தெரியட்டும், நம்பரை வாசின்னு கேப்பாங்க, அதுக்கு நல்ல வெளிச்சமும் வைஃபையும் வேணும். இந்திய பாஸ்போர்ட்டை வீடியோல ஏத்துக்காத கம்பெனியும் இருக்கு, அப்ப போஸ்ட் இடென்ட், அதாவது அவங்க குடுக்கற பேப்பரைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு தபால் ஆபீஸ்ல பாஸ்போர்ட்டோட நேர்ல போய் நிக்கறது. ஜெர்மன் அட்ரஸ் ஒண்ணு கேப்பான், நீ தங்குற இடத்தோடதைப் போட்டுக்க. ஃபாரம்ல பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி அச்சு அசலா இருக்கணும், இனிஷியலை ஒரு எடத்துல விரிச்சும் ஒரு எடத்துல சுருக்கியும் போட்டா அங்கயே மாட்டிக்கும், நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க நிறைய பேரு தடுக்கி விழற எடம் இது தான்.

ப்ளான் எல்லாம் பெரும்பாலும் 4 வாரக் கணக்கு. இந்தியாவுக்கு பேச நிமிஷம் சேர்ந்த ப்ளான் எதுன்னு பார்த்து வாங்கு, அது உனக்கு முக்கியம், அம்மா பட்டன் போன் வெச்சிருக்கறதால நீ தான் நேரடியா அடிக்கப் போற. வந்த ஜோர்ல கடையில சிரிச்சுப் பேசி 24 மாச கான்ட்ராக்ட்ல கையெழுத்து வாங்கிருவாங்க, போடாத. முதல்ல ப்ரீபெய்டு, ஆறு மாசம் கழிச்சு வேணும்னா யோசி, நம்பரை அப்படியே போர்ட் பண்ணிக்கலாம். ஒரு நல்ல விஷயம், 2017ல இருந்து ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள்ள ரோமிங் தனிக் காசு கிடையாது. ஆஹன்ல இருந்து பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரம், பார்டர் தாண்டிட்டோம்னு போனை ஆஃப் பண்ண வேண்டியதில்ல.

---

பழையபஸ்ஸ்டாண்டு_செல்கடை

ஏனுங்க, உங்க போஸ்ட்ல எல்லாரும் விட்ட ஒரு வரி இருக்குதுங்க: "அப்பா வாங்கிக் குடுத்தது". அந்த சிம் யார் பேர்ல இருக்குது? முதல்ல அதைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். நான் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதா செல் கடை வெச்சிருக்கேன். வெளிநாடு போன பிள்ளைங்களோட அப்பா அம்மா சிம்மைக் கையில புடிச்சுக்கிட்டு வந்து நிக்கறதை பார்த்துக்கிட்டே இருக்கேன், பாதிக்கு மேல இந்த பேர் பிரச்சினை தான். போன் தொலைஞ்சு டூப்ளிகேட் சிம் வேணும்னா யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வரணும், அவங்க இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டாவது வேலிடிட்டி. 90 நாள் கதை பாதி தான் சரிங்க. 2013ல ட்ராய், அதாவது டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம், போட்ட விதி என்னன்னா, காலோ எஸ்எம்எஸ்ஸோ டேட்டாவோ எதுவுமே பயன்படுத்தாம 90 நாள் ஆகறதுக்கு முன்னாடி ப்ரீபெய்டு நம்பரை எடுக்கக் கூடாது, அக்கவுண்ட்ல 20 ரூபா இருந்தா அதைக் கழிச்சுக்கிட்டு இன்னும் 30 நாள் வெச்சிருக்கணும்னு. அது நம்பர் போகாம இருக்கறதுக்கு. ஆனா உங்களுக்கு வேண்டியது ஓடிபி வர்றது, அதுக்கு ப்ளான் உயிரோட இருக்கணும். 2024 டிசம்பர்ல ட்ராய் இன்னொரு உத்தரவு போட்டுச்சு, டேட்டா இல்லாம வெறும் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற பேக் எல்லா கம்பெனியும் குடுக்கணும், 365 நாள் வரைக்கும் குடுக்கலாம்னு. அதுக்கப்புறம் வருச பேக் வந்துருச்சு. உங்க நம்பருக்கு ஒண்ணு, அம்மா போனுக்கு ஒண்ணு, கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுருங்க. அம்மா ரீசார்ஜுக்குன்னு கீழ இறங்கி வர வேண்டாம் பாருங்க, இருபது கொண்டை ஊசி வளைவு பஸ்ல உக்காந்து வந்துட்டுப் போறது அந்த வயசுல சாமானியமா.

இன்டர்நேஷனல் ரோமிங் இங்க இருக்கறப்பவே ஆன் பண்ணிருங்க, ஆப்ல ஒரு பட்டன் தான், ஆனா அங்க போய் பண்ணணும்னா அதுக்கு ஓடிபி அதே நம்பருக்கு வரும், சுத்திச் சுத்தி அங்கயே நிப்பீங்க. வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கு பொதுவா காசு கிடையாதுங்க, கால் எடுத்தா தான் காசு. டேட்டா ரோமிங்கை அந்த சிம்முக்கு கட்டாயம் ஆஃப் பண்ணி வைங்க.

உங்க போன்ல ரெண்டு சிம் எடம் இருக்கா, இல்ல ஒரு சிம்மும் இசிம்முமா? இந்திய நம்பரை இசிம்மா மாத்தறதா இருந்தா கிளம்பறதுக்கு ஒரு பத்து நாள் முன்னாடியே மாத்துங்க. சிம் மாத்துனா 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நின்னுரும், அது திருட்டுத்தனமா சிம் மாத்தி பேங்க்ல கை வைக்கறதைத் தடுக்க டெலிகாம் துறை போட்ட கட்டுப்பாடு. ஃப்ளைட் ஏற்ற அன்னிக்கு பண்ணிட்டு பேங்க் ஓடிபி வரலன்னு தவிக்காதீங்க.

---

மலைக்காட்டுப்பொண்ணு

அண்ணா நீங்க சொன்னதும் போய் பார்த்தேன். சிம் அப்பா பேர்ல தான் இருக்குங்க. அப்பா இப்ப இல்ல, தவறிட்டாங்க. இந்த நம்பரை விட மனசே வரல, அப்பா எழுதி வெச்ச நோட்டுல கூட இது தான் இருக்கு. மாத்த முடியுமாங்க?

---

பழையபஸ்ஸ்டாண்டு_செல்கடை

மாத்தலாம்ங்க, மனசு விடாதீங்க. கம்பெனியோட சொந்த ஷோரூமுக்குப் போங்க, என்னை மாதிரி சின்னக் கடையில ஆகாது. அப்பாவோட இறப்புச் சான்றிதழ், நீங்க பொண்ணுங்கறதுக்கு ஆதாரம், வாரிசு சான்றிதழ் இருந்தா அதுவே போதும், உங்க ஆதார், சிம் போட்ட போன், எல்லாம் ஒரிஜினலோட எடுத்துட்டுப் போங்க. பேர் மாத்தற ஃபாரம் எழுதி உங்க கேஒய்சி எடுப்பாங்க. ஒரே நடையில முடியலன்னா திரும்ப போகணும், அதனால இந்த வாரமே ஆரம்பிச்சுருங்க, செப்டம்பர் வரைக்கும் தள்ளாதீங்க. முடிஞ்சதும் சஞ்சார் சாத்தி வெப்சைட்ல உங்க பேர்ல என்னென்ன நம்பர் இருக்குன்னு காட்டும், அதுல இது வந்துருச்சான்னு பார்த்துக்கோங்க. அப்படியே ஆதார்ல எந்த நம்பர் பதிஞ்சிருக்குன்னும் சரிபார்த்துருங்க.

---

டெக்_குகை

இவ்ளோ கஷ்டப்படணுமா? எல்லாரும் வாட்ஸ்அப்ல தான் இருக்காங்க, பேங்க்ல மெயில் ஓடிபி வாங்கிக்கலாம், ஜெர்மன் நம்பர் ஒண்ணே போதும். வருசா வருசம் இந்திய நம்பருக்கு ரீசார்ஜ் தண்டச் செலவு. நான் சொல்றது ப்ராக்டிகல்.

---

சூரமங்கலம்_டு_சிங்கப்பூர்

குகை தம்பி, அது எல்லா நாட்டுக்கும் பொருந்தாதுப்பா. நான் சிங்கப்பூர்ல இருக்கேன், எனக்கு நீ சொல்றது ஓரளவுக்கு சரி. ஏன்னா 2023 ஜனவரில யூபிஐயை நடத்தற என்பிசிஐ ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு, என்ஆர்இ என்ஆர்ஓ அக்கவுண்ட் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான பேங்க் அக்கவுண்ட்) வெச்சிருக்கறவங்க வெளிநாட்டு நம்பரை வெச்சே யூபிஐ பண்ணலாம்னு. ஆனா அது அப்ப பத்து நாட்டுக்கு: சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவுதி, எமிரேட்ஸ், இங்கிலாந்து. அந்தப் பத்துல ஜெர்மனி இல்ல பாரு. இந்தப் பொண்ணு +49 நம்பரை மட்டும் நம்பி இந்திய நம்பரை விட்டா தம்பிக்கு ஹாஸ்டல் ஃபீஸ் அனுப்பறதுல இருந்து கடன் தவணை கட்டறது வரைக்கும் மாட்டிக்கும். ஆதார் ஓடிபி வெளிநாட்டு நம்பருக்கு வரவே வராது. நம்ம ஊர் ஃபாரம் நிறைய பத்து எண்ணுக்கு மேல போட விடாது, ஜெர்மன் மொபைல் நம்பர் பதினொண்ணுகூட வரும்.

அதைவிடப் பெரிய விஷயம், விட்ட நம்பர் சும்மா இருக்காது. கொஞ்ச நாள் கழிச்சு கம்பெனி அதை வேற ஒருத்தருக்கு வித்துரும். அவர் வாட்ஸ்அப் போட்டா உன் நம்பர் அவர் கைக்குப் போயிரும், சொந்தக்காரங்க உனக்குன்னு நினைச்சு அவருக்கு மெசேஜ் போடுவாங்க, பேங்க் எஸ்எம்எஸ்ஸும் அவருக்கே போகும். என்னிக்காவது விடறதா இருந்தாலும் எல்லா எடத்துலயும் நம்பரை மாத்திட்டு, வாட்ஸ்அப்ல நம்பர் மாத்தற வசதியை வெச்சு மாத்திட்டு, கடைசியா தான் விடணும்.

தங்கச்சி, வாட்ஸ்அப்பை இந்திய நம்பர்லயே வெச்சுக்கோ. ஜெர்மன் ஆளுங்களுக்குன்னு தனியா வேணும்னா ஆண்ட்ராய்டுல 2023 கடைசில இருந்து ஒரே ஆப்ல ரெண்டு அக்கவுண்ட் வைக்கலாம். இன்னொண்ணு, நீ அங்க போனதும் ஊர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்டை என்ஆர்ஓவா மாத்தணும், கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க்ல பேசிட்டுப் போ. அப்பவே மெயில் ஐடியும் பதிஞ்சுரு, அது எச்சா ஒரு வழி, நம்பருக்கு பதில் இல்ல.

---

ஓய்வுபெற்ற_எக்ஸ்சேஞ்ச்காரன்

கண்ணு, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பார்த்து ரிடையர் ஆனவன், டிரங்க் புக்கிங் காலத்துல இருந்து பார்த்தவன். அந்த 0427 ஆசையையும் 0 குழப்பத்தையும் நான் சொல்றேன், இது ரெண்டும் ஒரே விஷயத்துல இருந்து வர்றது.

நம்பர்ங்கறது கதவு எண் மாதிரி, வெளியில இருந்து வர்றவனுக்கு நாடு, ஊரு, வீடுன்னு வரிசையா சொல்லணும். இந்தியாவுல ஊர்க் கோடும் நம்பரும் சேர்ந்து பத்து எண் வரணும். சேலத்துக்கு 427, அதனால நம்பர் 7 எண்ணு. ஏற்காட்டுக்கு 4281, அதனால நம்பர் 6 எண்ணு. முன்னாடி போடற 0 அந்த நம்பர்ல சேர்ந்ததே இல்ல, நான் இந்த ஊரைத் தாண்டி வேற ஊருக்குப் போறேன்னு எக்ஸ்சேஞ்சுக்கு சொல்ற சைகை அது. வெளிநாட்டுல இருந்து வர்ற கால் ஏற்கனவே தாண்டி தான் வருது, அதனால அந்த 0 வேண்டாம். சேலம் வீட்டுக்கு +91 427ன்னு போகணும். உன் சீனியர் 0176 ஜெர்மனிக்குள்ள அடிக்கறதுக்கு, இங்க இருந்து +49 176. இத்தாலி மட்டும் தரை லைனுக்கு 0வை விடாம அடிக்கச் சொல்லும், மத்தபடி நீ போற எடத்துல விட்டுறணும். + அப்படிங்கறது இந்த நாட்டை விட்டு வெளிய போற கோடு. இந்தியாவுலயும் ஜெர்மனிலயும் அது 00, அமெரிக்காவுல 011. எந்த நாட்டுல நின்னாலும் + போட்டா போன் பார்த்துக்கும், அதனால எல்லா நம்பரையும் +91ஓட இப்பவே சேவ் பண்ணிக்க. இங்க 0 போட்டு சேவ் பண்ணுன தம்பி நம்பரும் ஹாஸ்டல் நம்பரும் அங்க போனா வேலை செய்யாது. பேங்கோட 1800 நம்பரும் அங்க இருந்து பொதுவா போகாது, வெளிநாட்டுல இருந்து கூப்பிட தனி நம்பர் குடுத்திருப்பாங்க, அதை எழுதி வெச்சுக்க.

இப்ப அந்த விளம்பரம். டிஐடின்னு ஒரு ஏற்பாடு நெஜமாவே உண்டு. ஒரு ஊர் எக்ஸ்சேஞ்சுல ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு வர்ற கால் அங்க இறங்கி அங்க இருந்து இன்டர்நெட் வழியா நீ எங்க இருக்கியோ அங்க வந்து அடிக்கும். கூப்பிடறவருக்கு லோக்கல் காசு தான். ஸ்கைப் ரொம்ப வருசம் பல நாட்டு நம்பரை இப்படி வித்துச்சு, 2025 மே 5ல அந்த ஸ்கைப்பையே மூடிட்டாங்க. ஆனா எல்லா நாடும் இதை ஒரே மாதிரி விடறது இல்ல. ஜெர்மனில ஒரு ஊர்க் கோடு நம்பர் வேணும்னா அந்த ஊர்ல உனக்கு அட்ரஸ் இருக்கணும், ஆஹனுக்கு 0241, பெர்லினுக்கு 030, பெர்லின்ல இல்லாதவனுக்கு 030 கிடையாது. இந்தியாவுல இன்டர்நெட் காலையும் போன் லைனையும் இணைக்கறதுக்கு லைசென்ஸ் வேணும், யார் பேர்ல எந்த நம்பர்னு ஆவணம் வேணும். அதனால படிக்கப் போற பொண்ணுக்கு வெப்சைட்ல கார்டு போட்டதும் 0427 குடுக்கறேன்னு ஒருத்தன் சொன்னா எனக்கு அந்த ஆள் மேல நம்பிக்கை வராது. ஒரு ரூம்ல பெட்டி நிறைய சிம்மை சொருகி வெளிநாட்டு காலை உள்ளூர் கால் மாதிரி மாத்தி விடற கும்பலை அடிக்கடி பிடிக்கறாங்க, பேப்பர்ல பார்த்திருப்ப. காசு போறது ஒரு பக்கம், அந்த நம்பர் உன் பேர்ல இல்லாததால நாளைக்கே நின்னாலும் கேள்வி கேக்க முடியாது. அம்மாவும் அந்த ஒரு நம்பரை நம்பி இருப்பாங்க, அது தான் எனக்குப் பயம்.

உனக்கு அது தேவையே இல்ல கண்ணு. உங்கப்பா வாங்கிக் குடுத்த நம்பர் தான் அம்மாவுக்கு லோக்கல் நம்பர். ரோமிங் ஆன்ல இருந்தா அம்மா களத்துல நின்னு அந்த நம்பருக்கு அடிச்சா அது ஆஹன்ல ரிங் ஆகும், அம்மாவுக்கு ஐஎஸ்டி கிடையாது, ஊருக்குள்ள பேசற கால் கணக்கு தான். நீ எடுக்காத, கட் பண்ணிட்டு உடனே ஜெர்மன் நம்பர்ல இருந்து இந்தியா நிமிஷத்துல திருப்பி அடி. மிஸ்டு கால் குடுக்கறது அம்மாவுக்குத் தெரியாத விஷயமா என்ன. ஆனா ரெண்டு எடத்துல ஜாக்கிரதையா இரு. அந்த நம்பர்ல கால் ஃபார்வர்டு, வாய்ஸ்மெயில் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தா நீ எடுக்காத கால் அங்க இருந்து இன்னொரு எடத்துக்குப் போய் ரோமிங் காசு பிடிக்கும். இங்க இருக்கறப்பவே ##002# அடிச்சு எல்லா ஃபார்வர்டும் எடுத்துரு. இன்னொண்ணு மெயின் பேலன்ஸ்ல கொஞ்சம் காசு வெச்சுக்க, சுத்தமா இல்லன்னா சில கம்பெனி ரோமிங்ல ரிங்கே விடாது. வைஃபை காலிங், அதாவது டவருக்கு பதில் வைஃபை வழியா கால் வர்றது, உங்க கம்பெனி வெளிநாட்டுலயும் விடுதான்னு கஸ்டமர் கேர்ல கேளு, விட்டா ரூம் வைஃபைல இருக்கறப்ப எடுத்தே பேசலாம், என்ன காசுன்னும் அப்பவே கேட்டுக்க.

---

ஆஹன்வாழ்_சேலத்தான்

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஒண்ணு சேர்க்கறேன். தங்கச்சி, நீ ஜெர்மன் நம்பர்ல இருந்து கூப்பிட்டா அம்மா போன்ல +49ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு நம்பர் வரும். ஊர்ல இப்ப வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்காதீங்கன்னு எல்லாரும் சொல்லி வெச்சிருக்காங்க, அது நல்லதும் கூட, அதனால அம்மா எடுக்க மாட்டாங்க. நீ நம்பர் வாங்கின அன்னிக்கே தம்பிகிட்ட சொல்லி அம்மா போன்ல அதை உன் பேர்ல சேவ் பண்ணச் சொல்லு. பட்டன் போன்ல + வரணும்னா * பட்டனை ரெண்டு தடவை வேகமா அமுக்கணும், சில போன்ல 0வை அமுக்கிப் பிடிக்கணும். +49 போட்டு 0 விட்டு மீதி நம்பர்.

நேர வித்தியாசமும் அம்மாவுக்குச் சொல்லி வை. கோடையில மூணரை மணி, குளிர்ல நாலரை மணி இங்க பின்னாடி இருக்கும். அம்மா காலைல ஆறு மணிக்கு காபிப் பழம் பறிக்கப் போறதுக்கு முன்னாடி அடிச்சா டிசம்பர்ல இங்க ராத்திரி ஒன்றரை.

---

மலைக்காட்டுப்பொண்ணு

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலங்க. சேலம் போய் ஷோரூம்ல பேப்பர் குடுத்துட்டேன், வாரிசு சான்றிதழ் இருந்ததால கேள்வி ஒண்ணும் இல்ல, வர்ற வாரம் பேர் மாறிரும்னு சொல்லியிருக்காங்க. ஐயா, எங்கப்பா நம்பரே போதும்னு நீங்க எழுதுனதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஒரே ஒரு சந்தேகம். அம்மா போன் ஸ்பீடு டயல்ல 2ஐ அமுக்குனா என் நம்பர் போற மாதிரி ஏற்கனவே இருக்கு. அதை அப்படியே விட்டுறலாமா, இல்ல ஜெர்மன் நம்பரை 3ல போடணுமா? அவசரம்னா என்ன பண்ணுவாங்க, நான் தூங்கிட்டு இருந்தா?

---

பழையபஸ்ஸ்டாண்டு_செல்கடை

2ஐ அப்படியே விடுங்க, கையைப் பழக்கி வெச்சதை மாத்தாதீங்க. 3ல தம்பி நம்பரைப் போடுங்க, ஜெர்மன் நம்பரைப் போடாதீங்க, அது தெரியாம அமுங்கி ஐஎஸ்டில போனா பேலன்ஸ் போயிரும், அதை போன் புக்ல மட்டும் பேரோட வைங்க, நீங்க கூப்பிடறப்ப யாருன்னு தெரியறதுக்கு. 4ல எஸ்டேட்ல ராத்திரி பகல் எப்பவும் இருக்கற ஆள் ஒருத்தர் நம்பர், மேஸ்திரியோ பக்கத்து லைன் வீடோ. உடம்பு சரியில்லாதப்ப 112, 108 ரெண்டும் எந்த பட்டன் போன்லயும் போகும், அதையும் சொல்லி வைங்க.

உங்க போன்ல அம்மா நம்பருக்கு மட்டும் தனி ரிங்டோன் வெச்சுட்டு, தூங்கறப்ப போடற சைலன்ட்ல அந்த ஒரு நம்பருக்கு விலக்கு குடுத்துருங்க, எல்லா ஸ்மார்ட் போன்லயும் அந்த வசதி இருக்கு. +91ஓட சேவ் ஆகியிருக்கான்னு பாருங்க, ரோமிங்ல வர்ற நம்பர் +91ஓட தான் காட்டும், 0 போட்டு சேவ் பண்ணியிருந்தா சில போன்ல பேரும் ரிங்டோனும் வராம போகலாம். பேர் மாறுனதும் கடைப்பக்கம் வாங்க, ரோமிங் ஆன் பண்றதும் ##002# அடிக்கறதும் கூட இருந்து பண்ணித் தர்றேன். அம்மா போனையும் எடுத்துட்டு வாங்க, வருச பேக் போட்டு ஸ்பீடு டயல் மூணும் செட் பண்ணிக் குடுத்துறலாம்.